முள் எடுக்க வேண்டாம்

மூதூர் பஸ்ஸின் கடைசிப் படியில்
மழைத் தண்ணீர் கிடந்தது.
அவ்வளவுதான்.
கையூன்றி விழுந்தேன்.
காய்ந்த வேப்பங்குச்சி முறிகிற சத்தம்
என் மணிக்கட்டுக்குள்ளிருந்து கேட்டது.

ஐம்பத்தொரு வயது. கச்சேரியில் காணிப் பிரிவு.
மற்றவர்களின் எல்லைகளின் மேல்
இருபத்தாறு வருஷம் முத்திரை குத்திய கை.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
எலும்பு மெலிஞ்சு போச்சு என்றார் டொக்டர்.
பால் குடியுங்கோ அம்மா, ரெண்டு நேரமும்.
அந்தச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல,
பால் எனக்குள் இறங்கினால் நடப்பதை?
ஒருமுறை, கூட்டத்தில்,
தேத்தண்ணியில் யாரோ பால்மா கலந்துவிட
வயிறு பேசத் தொடங்கிற்று.
தீர்மானம் நிறைவேறும்வரை பேசிற்று.
முன்மொழிந்தவரே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம்
நானும் நின்றேன்.
பக்கத்து வீட்டு ஜெயறூபியின் கைக்குழந்தைக்காக.
பெட்டியைத் தொட்டதோடு சரி
எனக்கும் பாலுக்குமான உறவு.

கட்டுப் போட்டவள் தாதி துஷாரி.
உடைந்த கைக்குத் தோதாக உடைந்த தமிழ்.
"மிஸ், பால் இல்லாட்டி பரவாயில்ல.
ஹால்மஸ்ஸோ. நெத்தலி. தலையோட, முள்ளோட.
பிறகு அந்தக் குடை
மடக்குங்க. வெயில் உள்ள போகணும்."
திருகோணமலையில் பிறந்து
வெயிலுக்குத் தப்பி வாழ்ந்த ஒருத்தியின் குடையை
முதல் பார்வையிலேயே கண்டுவிட்டாள்.

சனிக்கிழமை மீன் சந்தை.
நவ்பீல் கத்தி தீட்டுகிறான்.
பதினைந்து வருஷமாக எனக்குப் பாரையில்
நடுமுள் நீக்கிய துண்டம் தருகிறவன்.
"இண்டைக்குச் சூடை. வயிறு மட்டும் கழுவு.
முள் எடுக்க வேண்டாம்."
"என்ன மிஸ், பூனை வளக்கிறீங்களா?"
"ஓம். பெரிய பூனை. கச்சேரிக்குப் போற பூனை."

கொறுக்காய் இரண்டு துண்டு, மிளகு, உப்பு,
குக்கரில் ஒன்பது விசில்.
இடது கையால் மூடி திறக்க
மற்றொரு பத்து நிமிஷம்.
எடுத்து நசித்தேன். முள் மாவாகிப் போனது.
நாலு வயதில் தொண்டையில் நின்றதற்காக
வெறுஞ்சோற்று உருண்டை விழுங்கிய நாள்முதல்
எதிரியின் பேரில் பதிந்து வைத்திருந்த பொருள்.
இப்போது மென்று மென்று
என் பெயருக்கு மாற்றுகிறேன்.

குரக்கன் பிட்டு. எள்ளுச் சம்பல்.
முருங்கையிலை வறை, கசந்தாலும் அகத்தி.
பசளியை மட்டும் நம்பக் கூடாதாம்:
நிறைய வைத்திருக்கும், கொடுக்காது,
உள்ளுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும்.
அப்படி ஆட்களைக் காணிப் பிரிவில்
கனபேர் பார்த்திருக்கிறேன்.

கட்டு வெட்டிய காலை
பஸ் நிலையத்தருகே மான்கள்.
வழக்கம்போல் ஊர்க்காரர் மாதிரி
வீதியின் நடுவே.
ஒரு கிடாவுக்கு ஒரு கொம்புதான் இருந்தது.
மற்றப் பக்கம், கொம்பு விழுந்த இடத்தில்
ஈரமான சிவப்பு வட்டம்.
வருஷாவருஷம் அவ்வளவு எலும்பை
எங்கோ புதரில் எறிந்துவிட்டு
இலையும் மரக்கறித் தோலும் தின்று
திரும்ப முளைக்க வைக்கிறது.
அதனிடம் எவரும் இரண்டு நேரம் பால் என்று
எழுதிக் கொடுத்ததில்லை.

நின்று பார்த்தது தவறு.
கிடா என் கூடைக்குள் தலைவிட்டு
அகத்திக் கட்டைக் கவ்விற்று.
யோசியாமல் இழுத்தேன், வலது கையால்.
அதுவும் இழுத்தது.
முச்சக்கர வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.
குடை கீழே விழுந்தது.

பாதிக் கட்டு அதற்கு.
பாதி எனக்கு.
மணிக்கட்டு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
முறியவில்லை.